கிரிகரி 6 ஆட்டத்தில் 5 புள்ளி, கொய்ல் 12 ஆட்டத்தில் 24 புள்ளி: அதே பசங்க, கோச் மட்டும்தான் மாறினாரா?

தெப்பக்குளம் 10ஆம் நம்பர் கேட்டது:

ஐஎஸ்எல் கால்பந்து அணி சென்னையின் எஃப்சி பற்றிப் பேச்சு எங்கிட்டு ஆரம்பிச்சாலும் 2019-20 சீசன்லதான் வந்து நிக்குது. அதனால கணக்கை முதல்ல வச்சுடறேன்.

ஜான் கிரிகரி: 2017-18 லீகில் 32 புள்ளி, இரண்டாம் இடம். இறுதிப் போட்டியில் பெங்களூரை அவங்க கண்டீரவா மைதானத்திலேயே 3-2 அடிச்சு கோப்பை. அடுத்த சீசன் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, பத்து அணியில் பத்தாவது இடம். 2019-20ல் முதல் 6 ஆட்டம்: 1 வெற்றி, 2 டிரா, 3 தோல்வி. அதிலும் முதல் நாலு ஆட்டத்தில் நாம ஒரு கோல்கூடப் போடலை. நவம்பர் கடைசியில் விலகிட்டார்.

ஓவன் கொய்ல்: 2019 டிசம்பரில் வந்தார். மிச்சம் 12 ஆட்டத்தில் 7 வெற்றி, 3 டிரா, 2 தோல்வி. மொத்தம் 29 புள்ளி, நாலாம் இடம், அப்புறம் கோவாவை அரையிறுதியில் 6-5 என்ற கூட்டுக் கணக்கில் தாண்டி இறுதிப் போட்டி.

வெளிநாட்டுக்காரங்க ஏழு பேரும் கிரிகரி இருக்கும்போதே வந்தவங்க. அப்படின்னா கொய்ல் செய்த மாற்றம் என்ன? "வந்தார், தட்டிக்கொடுத்தார், ஜெயிச்சாங்க" என்கிற கதை வேண்டாம். களத்தில் என்ன மாறிச்சுன்னு சொல்லுங்க. இன்னொன்று: அதே கொய்ல் திரும்பி வந்து 2024-25ல் 13 அணியில் 11ஆவது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

---

ரேஸ்கோர்ஸ் கார்னர் கொடி:

மாறியது மூணு. முக்கியமானது முதலாவது, அதை விரிவாச் சொல்றேன்.

கிரிகரியின் அந்த ஆறு ஆட்டத்தில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் பெரிய பள்ளம். ஸ்ட்ரைக்கர் எதிரணி சென்டர் பேக்கை விரட்டப் போவார். நம்ம சென்டர் பேக் ரெண்டு பேரும் பெனால்டி பாக்ஸ் விளிம்பிலேயே நிப்பாங்க. நடுவில் 50 மீட்டர். நடுக்களத்தில் தாப்பா மாதிரி ஒருத்தர் அந்த 50 மீட்டரை 90 நிமிஷமும் தனியா ஓடி அடைக்க முடியாது. எதிராளி ஒரே பாஸில் நம்ம முதல் வரிசையைத் தாண்டிட்டா, திரும்பி ஓடுறதுதான் வேலை. பந்து கிடைக்கும்போது மூச்சு இருக்காது. நாம கோல் போடாததுக்குக் காரணம் ஸ்ட்ரைக்கர் கால் இல்லை. அவருக்குப் பக்கத்தில் துணைக்கு ஆள் வந்து சேரலை.

கொய்ல் பின்வரிசையை மேலே தள்ளினார். முன்னும் பின்னும் 30, 35 மீட்டருக்குள் மொத்த அணியும் சுருங்கிச்சு. பந்தை இழந்த இடத்திலேயே முதல் அஞ்சு நொடி ரெண்டு மூணு பேர் பாய்ஞ்சு பிடுங்குவது. கிடைக்கலைன்னா உடனே இறங்கி வரிசை கட்டுவது. இந்த நெருக்கம் இருந்தால்தான் ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் விளையாட்டுக்கே அர்த்தம். அவரைக் கவனிச்சுப் பாருங்க: கோலுக்கு முதுகைக் காட்டி பத்து மீட்டர் கீழே இறங்குவார். சென்டர் பேக் ஒட்டிக்கிட்டே வருவான். அவன் விட்டுட்டு வந்த ஓட்டைக்குள்ளே இடப்பக்கத்திலிருந்து விங்கர் சாங்தே குறுக்கே வெட்டி ஓடுவார். கடைசி பாஸ் கொடுக்கிற கிரிவெல்லாரோ ஒரே தொடுதலில் பந்தை அங்கே தள்ளுவார். மூணு பேர், மூணு தொடுதல். 50 மீட்டர் பள்ளத்தில் இது நடக்காது. ஏன்னா வால்ஸ்கிஸ் இறங்கி வந்தாலும் கிரிவெல்லாரோ இன்னும் இருபது மீட்டர் தள்ளி நிப்பார்.

ரெண்டாவது, கிரிவெல்லாரோவைத் தற்காப்பு வேலையிலிருந்து பாதி விடுவிச்சது. அவருக்குப் பின்னால் தாப்பாவும் இன்னொருவரும் காவல். அந்த இன்னொருவர் இடத்துக்கு எட்வின் வான்ஸ்பால் மாதிரி பேக்கிலும் நடுவிலும் ஆடுற ஆள் கையில் இருந்தது பெரிய வசதி. முந்தின சீசன் சென்னை சிட்டியோட ஐ-லீக் ஜெயிச்சிட்டு வந்தவர், ஜெயிச்ச பழக்கமும் கூடவே வந்திருக்கும்.

மூணாவது, அணியை நிலைப்படுத்தினது. அப்போ வெளிநாட்டுக்காரர் ஏழு பேர் வச்சுக்கலாம், களத்தில் அஞ்சு பேர்தான். கோயான், எலி சாபியா பின்னால். கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ் முன்னால். இந்த நாலு இடத்தில் கைவைக்கலை. அஞ்சாவது இடத்துக்கு மட்டும் ஷெம்ப்ரி, ஃபிர்துலெஸ்கு, மசீஹ் சைகானி மூணு பேருக்குள் போட்டி. யாருக்கு எந்த ஆட்டம் என்பது எதிரணியைப் பொறுத்து. வெளியே உட்கார்றவனுக்கும் காரணம் புரியும்.

சாங்தே அந்த சீசன் 7 கோல், வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டு தங்கக் காலணி. ஆள் அதே ஆள், நின்ன இடம் வேற.

---

செல்லூர் ஸ்வீப்பர்:

கார்னர் கொடி அண்ணே, ஆட்ட விளக்கம் சரி. ஆனா கிரிகரியை இப்படி ஒரேயடியா கவுத்துட வேண்டாம்.

வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி எல்லாரும் 2019ல் புதுசா வந்தவங்க. ஒருத்தர் லிதுவேனியா, ஒருத்தர் பிரேசில், ஒருத்தர் மால்டா. மொழி வேற, வெயில் வேற. ஆறு ஆட்டத்தில் கூட்டாளித்தனம் வராது. ஏழாவது ஆட்டத்திலிருந்து வந்த விளைச்சலுக்கு விதை போட்டதில் கிரிகரிக்கும் பங்கு இருக்கு. கொய்ல் வந்த நேரம், நாத்து வேர் பிடிச்ச நேரம்.

2018-19 சரிவையும் "கோச் அசந்துட்டார்" என்று முடிக்க முடியாது. கோப்பை அணியில் காப்டனா நின்ன ஹென்ரிக் செரெனோ அடுத்த சீசன் இல்லை. நம்ம தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தில் சீசன் முழுக்க வெளியே. பின்வரிசைக்கு முன்னால் அந்த ஆள் நின்னு வெட்டின பந்துகளை வேற யாரும் வெட்டலை. ஸ்ட்ரைக்கர் ஜேஜே 2017-18ல் 9 கோல், அடுத்த சீசன் லீகில் 1. முதுகெலும்பில் மூணு கண்ணி ஒரே நேரத்தில் போச்சு.

கிரிகரி மேல் எனக்கு இருக்கிற குறை வேற. ஜேஜே கோல் போடாத அந்த வருஷமும் அவரையே நம்பி ரொம்ப நாள் ஓட்டினார். ஜெயிச்ச பசங்களுக்குக் கடன்பட்டமாதிரி நடந்துக்கிட்டார். ஆட்டக்காரன் மேல் விசுவாசம் நல்லதுதான், ஆனா ஃபார்ம் போன ஸ்ட்ரைக்கரைத் தொடர்ந்து தொடக்க அணியில் வச்சா ரெண்டு பேர் கெடுவாங்க: அவரும், பெஞ்சில் காத்திருக்கிறவனும். அஞ்சு ஆட்டம் வெளியே வச்சு, 60ஆவது நிமிஷத்தில் களைச்ச பின்வரிசைக்கு எதிரா இறக்கியிருந்தா அவருக்கே ரெண்டு கோல் கிடைச்சு தெம்பு வந்திருக்கும்.

இன்னொன்று யாரும் பேசறதில்லை. 2018 இறுதிப் போட்டியில் மெயில்சன் ஆல்வெஸ் போட்ட ரெண்டு கோலும் கார்னர், ரெண்டும் கிரெகரி நெல்சன் அடிச்சது. கோப்பையே கார்னரில் வந்ததுதான். நெல்சன் மாதிரி கார்னர் அடிக்க ஆளும், மெயில்சன் மாதிரி எகிறி முட்ட ஆளும் ஒருசேர இல்லாட்டி அந்த வழி அடைபடும். ஓடி விளையாடி வர்ற கோலுக்கு அணியில் மாற்று ஏற்பாடு இல்லாததுதான் 2018-19ல் தெரிஞ்சது.

---

பாண்டியன் பிடிக்கணும்:

நேரு ஸ்டேடியத்தில் ராத்திரி ஆட்டம் பார்த்துட்டு எழும்பூரில் பாண்டியனைப் பிடிக்க 75ஆவது நிமிஷத்தில் எந்திரிக்கிற மதுரைக்காரன் எவனும் கொய்லைப் பத்திக் கருத்துச் சொல்லக் கூடாது. அவர் ஆட்டமே அதுக்கப்புறம்தான்.

---

காரியாபட்டி ரூட்:

கேள்வியின் ரெண்டாம் பாதியை யாரும் தொடலை, நான் தொடறேன்.

கொய்ல் நல்லா போன இடங்களை வரிசையா வைங்க. 2019-20 சென்னையில் கிரிவெல்லாரோ. 2021-22 ஜாம்ஷெட்பூரில் கிரெக் ஸ்டூவர்ட்: 10 கோல், 10 அசிஸ்ட், 20 ஆட்டத்தில் 43 புள்ளி எடுத்து லீகில் முதலிடத்துக்கான ஷீல்டு. ரெண்டு இடத்திலும் எதிரணி நடுக்களத்துக்கும் பின்வரிசைக்கும் நடுவில் நின்னு ஒரே பாஸில் பூட்டைத் திறக்கிற ஒரு ஆள். அந்த ஆள் கிடைச்சா கொய்லின் அணி பாயும். கிடைக்காத இடத்தில் அவர் அணி ஓடும், விரட்டும், கிராஸ் போடும், ஆனா கடைசி பாஸ் வராது.

இதை எதிர்ப்பக்கம் வச்சும் சோதிக்கலாம். 2020ல் கொய்ல் ஜாம்ஷெட்பூர் போனப்ப வால்ஸ்கிஸும் பின்னாடியே போனார். சென்னைக்கு சாபா லாஸ்லோ கோச்சா வந்தார். கிரிவெல்லாரோவும் பாதியில் காயப்பட்டு உட்கார்ந்தார். 20 ஆட்டத்தில் 11 டிரா, எட்டாவது இடம். லாஸ்லோ முட்டாள் இல்லை. பின்வரிசையைக் கட்டினார், தோல்வி 6 மட்டும்தான். கோல் போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து விதி. 2021-22லிருந்து களத்தில் வெளிநாட்டுக்காரர் அஞ்சிலிருந்து நாலாக் குறைஞ்சது. சென்டர் பேக் ரெண்டு, கிரியேட்டர் ஒண்ணு, ஸ்ட்ரைக்கர் ஒண்ணுன்னு வச்சா முடிஞ்சது, அஞ்சாவது சீட்டு கிடையாது. அப்ப விங், நடுக்களம், பக்கவாட்டு பேக் எல்லாம் உள்ளூர்ப் பசங்க தரத்தில் நிக்கும். மேலே தள்ளி நிக்கிற பின்வரிசைக்கு வேகமான பேக்கும், கோலை விட்டு வெளியே வந்து துடைக்கிற கீப்பரும் வேணும். ஒருத்தர் அரை நொடி தாமதம்னா முதுகுக்குப் பின்னால் 40 மீட்டர் வெட்டவெளி. 2024-25ல் 24 ஆட்டத்தில் 11 தோல்வி என்பதை நான் அப்படித்தான் படிக்கிறேன். திட்டம் 2019ல இருந்த அதே திட்டம்தான். ஆள் இல்லாதப்ப திட்டத்தை மாத்தாதது கோச்சின் தப்புதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நம்ம பக்கத்து உதாரணம் ஒண்ணு சொல்லாம போக மனசு வரலை. சேது எஃப்சி. 2019 மே மாசம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 அடிச்சு இந்திய மகளிர் லீக் ஜெயிச்ச அணி. 2022ல் கிரிஸ்பின் சேத்ரி கோச்சா இருந்தப்ப புவனேஸ்வரில் 10 ஆட்டத்தில் 10 வெற்றி. கோகுலம் கேரளாவும் 10க்கு 10. கடைசி ஆட்டம் இவங்க ரெண்டு பேருக்குள்ளேயே, முதல் கோலும் சேதுவுக்கே. ஆனா 3-1 தோல்வி. கோல் வித்தியாசத்தில் கோகுலம் முன்னால் இருந்ததால் அவங்களுக்கு டிராவே போதும். சேதுவுக்கு ஜெயிச்சே ஆகணும். முந்தின பத்து ஆட்டத்தில் 4-0ல் நிறுத்தினதா, 8-0 வரைக்கும் அடிச்சதா என்பது கடைசி நாள் கோச்சின் கையைக் கட்டிப்போடும். ஏப்ரல், மே வெயிலில் 11 ஆட்டத்தை ஆறே வாரத்தில் முடிக்கிற போட்டி அது. முன்னணி ஆட்டக்காரரை 60ஆவது நிமிஷத்தில் எடுத்து ஓய்வு கொடுக்கிறதா, கோல் கணக்குக்காக விட்டு வைக்கிறதா? ஆட்டக்காரரை நிர்வகிக்கிறது என்பது அங்கேதான் வலிக்கும். சேத்ரி அப்புறம் ஒடிசாவோட 2023-24ல் அதே லீகை ஜெயிச்சார். 2025ல் தாய்லாந்தை 2-1 அடிச்சு இந்திய மகளிர் அணியை ஆசியக் கோப்பைக்குக் கூட்டிட்டுப் போனார். ஒரு தோல்வியை வச்சு கோச்சை எடை போட்டா அவரையும் அன்னைக்கே எழுதித் தள்ளியிருப்போம்.

---

திருநகர் ஆஃப்சைடு:

எல்லாரும் கொய்லை மெச்சறீங்க. 2019-20ல் அந்த மேலே ஏறின வரிசைக்குக் கொடுத்த விலையையும் பாருங்க.

கோவா அரையிறுதி: சென்னையில் 4-1, நாலு கோலும் ரெண்டாம் பாதியில். பிரமாதம். ஆனா அங்கே போய் 2-4. முதல் அரை மணிக்குள் ரெண்டு வாங்கியாச்சு. மொத்தம் வாங்கின நாலில் ரெண்டு, அவங்க சென்டர் பேக் மூர்தாதா ஃபால் போட்டது. மூணு கோல் முன்னிலையோட போற அணி முதல் இருபது நிமிஷம் தாங்கினாலே எதிராளி பதறுவான். இவங்க அங்கேயும் அதே ஆட்டம்.

இறுதிப் போட்டி, 2020 மார்ச் 14, கொரோனாவால் ஃபதோர்தாவில் காலி நாற்காலிகளுக்கு முன்னால். எதிரணி கொல்கத்தாவின் ஏடிகே, கோச் அந்தோனியோ ஹபாஸ்: அஞ்சு பேர் பின்னால், பந்தை நம்மகிட்டயே விட்டுட்டு, பிடுங்கினதும் பாய்ச்சல். ராய் கிருஷ்ணா முதல் பாதியிலேயே காயத்தில் வெளியேறியும் 3-1 ஜெயிச்சாங்க. ரெண்டாவது கோல் 48ஆவது நிமிஷம். இடைவேளை முடிஞ்சு வந்து மூணு நிமிஷம்! கோச் பேசி முடிச்ச சூடு ஆறுறதுக்குள்ள விழுந்த கோல். 0-1ல் இன்னும் 45 நிமிஷம் இருக்கு, ரெண்டு பக்கவாட்டு பேக்கும் ஒரே நேரத்தில் மேலே ஏற அவசரமே இல்லை. ஒருத்தர் ஏறினா இன்னொருத்தர் நிக்கணும், அது பாலபாடம்.

அப்ப மூணு சப்தான். அஞ்சு சப் அடுத்த சீசனில்தான் வந்தது. அதனால் சப்பை வச்சு அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

---

தெப்பக்குளம் 10ஆம் நம்பர்:

எல்லாருக்கும் நன்றிண்ணே. திருநகர் சொன்ன 48ஆவது நிமிஷத்தை நான் கணக்கிலேயே எடுக்கலை.

இனி நடைமுறைக் கேள்வி. மாவட்ட லீக் அணி ஒண்ணு, 18 பசங்க, வாரத்துக்கு ரெண்டு சாயங்காலப் பயிற்சி, ஞாயிறு ஆட்டம். கார்னர் கொடி சொன்ன அந்த 35 மீட்டர் நெருக்கத்தை இவங்களுக்கு எப்படிப் பழக்குறது? வெளியே உட்கார்றவன் மூஞ்சியைத் தூக்காம எப்படிப் பாத்துக்கிறது?

---

ரேஸ்கோர்ஸ் கார்னர் கொடி:

வாரத்துக்கு ரெண்டே நாள்னா கொய்ல் மாதிரி முழு பிரஸ், அதாவது பந்து வச்சிருக்கிறவன் மேல் கூட்டமாப் பாயுறது, எடுக்காதீங்க. அரைகுறை பிரஸ்ஸைவிட பிரஸ்ஸே இல்லாதது மேல். நாலு பேர் பாய்ஞ்சு ஒருத்தன் நின்னுட்டான்னா அந்த ஒருத்தன் வழியாத்தான் பந்து வெளியே போகும்.

செவ்வாய்க்கிழமை: மைதானத்தில் நீளவாக்கில் 35 மீட்டர் அளந்து ரெண்டு பக்கமும் கூம்பு வைங்க, கூம்பு இல்லாட்டி செங்கல்லுக்குப் பதிலா தண்ணி பாட்டில் வைங்க, கால்ல பட்டாலும் அடிபடாது. அந்தப் பட்டைக்குள்ளே 8க்கு 8 ஆட்டம். ஒரே விதி: கோல் விழும்போது நம்ம அணியில் எல்லாரும் எதிராளி பாதியில் இருந்தா அது ரெண்டு கோல். பின்வரிசை தானா மேலே ஏறும், நீங்க கத்த வேண்டியதில்லை. 4 நிமிஷம் ஆட்டம், 2 நிமிஷம் ஓய்வு, ஆறு தடவை. அதுக்கு மேல் போனா கால் களைச்சுத் தப்பாப் பழகும்.

வியாழக்கிழமை: ஒரே ஒரு பிரஸ் சைகை மட்டும். எதிராளி சென்டர் பேக் பந்தைத் தன் பக்கவாட்டு பேக்குக்குக் கொடுக்கிறான், அவன் கோட்டை ஒட்டி நின்னு வாங்குறான்: அப்ப மட்டும் பாயணும். ஏன்னா கோடே நமக்கு ஒரு கூடுதல் ஆள். விங்கர் முன்னால் மறிக்கணும், ஸ்ட்ரைக்கர் திரும்பக் கொடுக்கிற பாதையை அடைக்கணும், நடுக்கள ஆள் உள்பக்கம் வரணும். வேற எப்பவும் பாயக் கூடாது. கடைசி 15 நிமிஷம் கார்னர், ஃப்ரீ கிக்.

எங்கே கெடும்? பின்வரிசையில் யாராவது ஒருத்தன் பயந்து மூணு அடி கீழே நிப்பான், ஆஃப்சைடு கோடு அவனால் உடையும். கோல்கீப்பரை பாக்ஸ் விளிம்புக்கு வந்து நின்னு "ஏறு" என்று சத்தம் போடச் சொல்லுங்க. கீப்பர் வாயில்லாப் பூச்சியா இருந்தா இந்த ஆட்டமே வேண்டாம், இறங்கி நின்னு ஆடுங்க.

---

செல்லூர் ஸ்வீப்பர்:

பெஞ்ச் விஷயம் நான் சொல்றேன். ஒரு நோட்டுப் போடுங்க. 18 பேர், ஆட்ட வாரியா கட்டம், ஒவ்வொருத்தன் ஆடின நிமிஷம் எழுதுங்க. மூணு ஆட்டம் முடிஞ்சதும் எவன் கணக்கு 45 நிமிஷத்துக்குக் கீழே நிக்குதோ, அவன்கிட்ட நீங்களே போய்ப் பேசணும், அவன் வந்து கேக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. "அடுத்த ஞாயிறு 60ஆவது நிமிஷம் வலப்பக்கம் இறங்குற, களைச்ச லெஃப்ட் பேக்கைத் தாண்டணும்" என்று வேலையைச் சொல்லுங்க. சொன்னா இறக்கணும். 0-1ல் இருக்கோம்னு பயந்து இறக்காம விட்டா அடுத்த வாரம் நீங்க சொல்றதை எவனும் நம்ப மாட்டான்.

ஆட்டத்துக்கு மறுநாள் 60 நிமிஷத்துக்கு மேல் ஆடினவன் லேசா 15, 20 நிமிஷம் ஓடினாப் போதும். ஆடாதவனுக்கு அன்னைக்கே 4க்கு 4 வைங்க, இல்லாட்டி பத்து நாளில் அவன் மூச்சு இறங்கிடும், அப்புறம் "இவனுக்கு ஸ்டாமினா இல்லை"ன்னு நீங்களே சொல்வீங்க. மஞ்சள் அட்டையையும் அதே நோட்டில் எழுதுங்க. ஐஎஸ்எல்லில் நாலு சேர்ந்தா ஒரு ஆட்டம் வெளியே. உங்க லீகில் எத்தனை என்று சீசன் தொடங்கும் முன்னே கேட்டுக்கோங்க. எத்தனை சப் என்பதையும் சேர்த்து.

---

காரியாபட்டி ரூட்:

சாயங்காலம் 4 மணி ஆட்டம்னா தண்ணி ஏற்பாடு கோச் வேலை. ஆளுக்கு 15, 20 நிமிஷத்துக்கு ஒருக்கா ஒரு டம்ளர், பந்து வெளியே போற நேரத்தில் கோட்டோரம் வந்து குடிச்சுக்கணும். வெறும் தண்ணி மட்டும் ஊத்தினா கடைசி இருபது நிமிஷத்தில் கெண்டைக்கால் பிடிக்கும். ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை. உப்பைக் கூட்டினா பசங்க துப்பிடுவாங்க. இடைவேளையில் ஜிகர்தண்டா வாங்கித் தர்ற புரவலர் யாராவது வந்தா, ஆட்டம் முடியட்டும்னு சொல்லி உட்கார வைங்க.

---

திருநகர் ஆஃப்சைடு:

இடைவேளை முடிஞ்சு முதல் அஞ்சு நிமிஷம் ரெண்டு பேக்கும் ஏறக் கூடாதுன்னு நோட்டு அட்டையிலேயே எழுதி ஒட்டிடுங்க.

---

பாண்டியன் பிடிக்கணும்:

ஞாயிறு ஆட்டம் எங்கேண்ணே, ரேஸ்கோர்ஸா? அங்கேன்னா 90 நிமிஷமும் இருப்பேன்.